கோதுமை ஒவ்வாத குடல்

1888 ஆம் ஆண்டிலே சாமுவேல் கீ என்னும் ஆங்கில வைத்தியர், வயிறு ஊதிக் கைகால்கள் மெலிந்து, வெளிறிய மலம் கழித்து வாடும் சிறு பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்நோய் தீருமாயின் அஃது உணவினாலேயே தீரவேண்டும் என்பது அவரது துணிபு. எந்த உணவு என்பதுதான் அவருக்குப் புலப்படவில்லை. ஒல்லாந்து தேசத்து மட்டியை நாள்தோறும் உண்ட ஒரு பிள்ளை நன்கு தேறியதையும், மட்டிப் பருவம் கழிந்ததும் மீண்டும் நோயுற்றதையும் அவர் குறித்து வைத்தார். மட்டியில் மருந்து ஏதும் இருந்ததென்று கொள்வதற்கில்லை. மட்டியால் வயிறு நிறைந்த பிள்ளை பாணைக் குறைவாக உண்டது என்று கொள்வதே பொருத்தம்.

இத்தகைய மயக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1924 இல் நியூயோர்க் நகரத்துச் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவு முறையொன்றை வகுத்தார். பிள்ளைகள் தேறினர்; புகழ் வாழைப்பழத்துக்குப் போயிற்று. அம்முறையிலே பாண் விலக்கப்பட்டிருந்ததை எவரும் பெரிதாக எண்ணவில்லை. குணமடைந்துவிட்டதாகக் கருதிய பிள்ளைகளுக்கு மீண்டும் பாண் கொடுக்கவும் தடையிருக்கவில்லை.

உண்மையைக் கண்டவர் ஹேக் நகரத்துச் சிறுவர் வைத்தியசாலையில் பணியாற்றிய வில்லெம் கரெல் டிக்கே. 1930 களிலேயே கோதுமையின்மேல் அவருக்கு ஐயம் எழுந்தது. 1941 இல் அதைப் பற்றி எழுதியும் இருந்தார். பின்னர் 1944 ஆம் ஆண்டின் இறுதியில் ஒல்லாந்தை வாட்டிய பட்டினிக் குளிர்காலம் வந்தது. ஜேர்மானியர் பிடியில் இருந்த மேற்குப் பகுதிகளில் மக்கள் ட்யூலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட அவித்துத் தின்றனர். ஊரெல்லாம் மெலிந்த அந்நாளில், இந்நோய்ப் பிள்ளைகளின் நிலை சீர்பட்டதென்றும், பாண் திரும்பியபோது நோயும் திரும்பியதென்றும் கூறுவர். டிக்கே அந்த அளவில் அமையவில்லை. வைஜர்ஸ், வான் டி காமர் என்னும் இருவரோடு சேர்ந்து, உணவில் கோதுமையைச் சேர்த்தும் நீக்கியும் மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்து பார்த்தார். 1950 இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வேடு கோதுமையின் குற்றத்தை நிறுவியது.

குற்றவாளி குளூட்டன் என்னும் புரதம். பிசைந்த கோதுமை மாவை இழுத்தால் அறாமல் நீளச் செய்வது இதுவே. பார்லியிலும் றையிலும் இதன் இனப் புரதங்கள் உள. பிறப்பிலேயே அதற்கு ஏதுவான பரம்பரை அமைப்புடைய சிலரின் உடற்காப்புப் படை, இப்புரதம் வந்ததும் சிறுகுடலின் சுவரையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து மட்டமாகின்றன. எவ்வளவு உண்டாலும் உடம்பில் ஒட்டுவதில்லை. வளர்ந்தோரிடம் வயிற்றுக் கோளாறு தோன்றாது குருதிச்சோகையோ எலும்புத் தேய்வோ மட்டும் தோன்றுவதும் உண்டு.

குருதிப் பரிசோதனையாலும், குடற்சுவரின் சிறு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்குவதாலும் நோய் உறுதியாகிறது. அதற்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிட்டால் பரிசோதனை பொய்த்துப்போகும். அவசரப்படுவோர் இதை மறத்தல் ஆகாது.

இதற்கு மருந்து உணவே. அதுவும் வாழ்நாள் முழுவதற்கும். சோறுண்ணும் நாட்டினருக்கு இஃது எளிதென்று தோன்றும். அரிசி, குரக்கன், சாமை, சோளம், பயறு, உழுந்து, மரவள்ளி, ஒடியல் யாவும் தீங்கற்றவை. ஆயினும் இலங்கைச் சமையலறையில் கோதுமை ஒளிந்திருக்கும் இடங்கள் பல. அரிசி மாப் பிட்டென்று பரிமாறுவதில் பாதி கோதுமை மாவாக இருக்கலாம், இடியப்பமும் அவ்வாறே. உழுந்துத் தோசைக்குக் கோதுமை மாக் கலப்பது யாழ்ப்பாணத்தில் பல வீடுகளின் வழக்கம். ரவையும் சேமியாவும் பெரும்பாலும் கோதுமையே. கடைப் பெருங்காயத்திலும் கோதுமை மாச் சேர்ப்பதுண்டு. பார்லி முளையிலிருந்து செய்யும் மோல்ற் பானங்களை நோயாளிக்குச் சத்துணவென்று அன்போடு கொடுப்பது, தெரியாமல் செய்யும் தீங்காகும்.

பாத்திரமும் கவனிக்கத்தக்கது. கோதுமை மாவை அரித்த அரிதட்டில் அரிசி மாவை அரிப்பதும், றோல்ஸ் பொரித்த எண்ணெயில் வடை சுடுவதும் ஆகா. குளூட்டன் அற்றதென்று சுட்டிட்டு விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது என்பது சர்வதேச நியமம். அவ்வளவு நுண்ணிய அளவே கணக்கில் வருமாயின், ஒரு துண்டுப் பாணின் நிலை சொல்லாமலே விளங்கும். ஆதலால் அரிதட்டு, இடியப்ப உரல், மாப் பேணி என்பவற்றை நோயாளிக்கெனத் தனியே வைத்துக்கொள்வது நலம்.

கடினமான பகுதி சமையலறைக்கு வெளியே உள்ளது. கலியாண வீட்டிலே கேக் துண்டை மறுக்கும் பிள்ளையை, "ஒரு துண்டு தின்றால் என்ன?" என்று உறவினர் வற்புறுத்துவர். தின்ற பிள்ளைக்கு அன்றிரவு வயிற்றுவலி வராமலும் போகலாம். ஆயினும் குடலில் சேதம் நேரும். வலி வரவில்லையே என்று பெற்றோரே தளர்ந்துவிடுவதும் உண்டு. பள்ளி ஆசிரியருக்கும் பாட்டிக்கும் முன்கூட்டியே விளக்கிச் சொல்லிவைப்பது பயன் தரும்.

உணவை மாற்றிய சில வாரங்களிலேயே பிள்ளைகளுக்குப் பசியும் உற்சாகமும் மீளும். சடைமுளைகள் முற்றாக வளர மாதங்கள் செல்லும். வளர்ந்தோருக்கு ஆண்டுகளும் ஆகலாம். தொடக்கத்தில் பாலும் ஒவ்வாதிருக்கக்கூடும். குடல் ஆறியபின் பெரும்பாலோர்க்கு அது சரியாகும். நோய் ஒருவருக்கு உறுதியானால், பெற்றோரும் உடன்பிறந்தோரும் நலமாகத் தோன்றினும் குருதிப் பரிசோதனை செய்துகொள்ளுதல் வேண்டும்.