பக் வெளியே போனால் மட்டும் போதுமா?

ஐஸ் ஹாக்கியில் ஒரு அணி தொடர்ந்து தோற்றால் முதலில் திட்டு வாங்குவது கோலிதான். ஆனால் அவர் மேல் ஏன் இத்தனை ஷாட் வந்து விழுதுன்னு பார்த்தால், பல சமயம் கோளாறு அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கும். அந்த அணிக்குத் தன் பகுதியிலிருந்து பக்கை ஒழுங்காக வெளியே கொண்டுவரத் தெரியவில்லை.

என்எச்எல் ஆடுகளம் 200 அடி நீளம். இரண்டு நீலக் கோடுகள் அதை மூன்றாகப் பிரிக்கின்றன: இரு முனைகளிலும் 75 அடி, நடுவில் 50 அடி. எதிரணி பக்கை நம் மூலைக்குள் தள்ளிவிட்டுத் துரத்தி வருது. நம் டிஃபெண்டர் திரும்பிப் போய் அதை எடுக்கணும். எடுக்கும் முன்பே தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்து, யார் எந்தப் பக்கம் வர்றாங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

அவருக்கு உள்ள வழிகள் கொஞ்சம்தான். சுவரோரம் காத்திருக்கும் விங்கருக்குக் கொடுக்கலாம். கோலுக்குப் பின்னாலேயே மறுபக்க டிஃபெண்டருக்குத் தள்ளலாம். கீழே இறங்கி வந்த சென்டருக்குக் கொடுக்கலாம். இடம் இருந்தால் தானே எடுத்துக்கொண்டு போகலாம். எதுவும் இல்லைன்னா, பக்கக் கண்ணாடியில் அடித்து வெளியே தள்ளிவிடணும்.

இந்தக் கடைசி வழி பாதுகாப்பானது மாதிரி தெரியும். ஆனால் பக் போய்ச் சேர்வது பெரும்பாலும் எதிரணியிடம்தான். அவர்கள் நிதானமாக எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே வருவார்கள். அதன் விலை என்ன? எரிக் டல்ஸ்கியும் நண்பர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்லுது. பக்கைக் கையில் வைத்தபடி நீலக் கோட்டைத் தாண்டும் அணிக்கு, சும்மா உள்ளே தள்ளிவிட்டுத் துரத்தும் அணியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஷாட் கிடைக்கிறது. வேதியியல் படித்த டல்ஸ்கி 2024இல் கரோலினா ஹரிக்கேன்ஸ் அணியின் பொது மேலாளரே ஆகிவிட்டார்.

விதிகளும் நெருக்கும். தன் பாதியிலிருந்து அடித்த பக் யார் மேலும் படாமல் மறுமுனைக் கோல் கோட்டைத் தாண்டினால் 'ஐசிங்'. ஆட்டம் மறுபடி நம் பகுதியிலேயே தொடங்கும். 2005-06 சீசனிலிருந்து, ஐசிங் செய்த அணி ஆளும் மாற்ற முடியாது. நம் பகுதியிலிருந்து நேராகக் கண்ணாடிக்கு மேல் பறக்கவிட்டால் 2 நிமிடத் தண்டனை. இரண்டாவது பீரியடில் பக்கம் மாறுவதால், தடுத்து ஆடும்போது நம் பெஞ்ச் தூரமாகிவிடும். சுமார் 45 விநாடியில் மாற வேண்டியவர்கள் உள்ளேயே மாட்டிக்கொள்வார்கள். கால் ஓய்ந்தவர்கள் மறுபடி கண்ணாடியில்தான் அடிப்பார்கள். சுழல் அங்கேதான் ஆரம்பிக்குது.

டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 2013 மே 13, பாஸ்டனுக்கு எதிரான முதல் சுற்றின் ஏழாவது ஆட்டம். மூன்றாவது பீரியடில் டொராண்டோ 4-1 என முன்னிலை. பாஸ்டன் திருப்பி அடித்தது. கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள், கோலியை வெளியே எடுத்து ஆறு பேரோடு தாக்கி, 31 விநாடி இடைவெளியில் இரண்டு கோல். கூடுதல் நேரத்தில் 5-4 என பாஸ்டன் ஜெயித்தது. எதிரே கோல் காலி. ஒரே ஒரு தடவை பக்கைக் கையில் வைத்து வெளியே வந்திருந்தால் கதையே மாறியிருக்கும்.

அதைத் துரதிர்ஷ்டம்னு ஒதுக்கலாம். ஆனால் அடுத்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 35 ஷாட்டுக்கு மேல் வாங்கி லீகிலேயே முதலிடம். கோலிகள் பல மாதம் தாங்கிப் பிடித்தார்கள். கடைசி 14 ஆட்டங்களில் 12 தோல்வி. பிளேஆஃப் வாய்ப்பும் போச்சு.

டிஃபெண்டரை மாற்றினால் இது சரியாகிவிடுமா? அவர் மட்டும் திறமைசாலியாக இருந்து பயனில்லை. கொடுக்க ஆள் வேணுமே! கோல் ஆசையில் விங்கர்கள் சீக்கிரமே மேலே கிளம்பிவிட்டால், சென்டர் கீழே இறங்காவிட்டால், அவருக்கு மிஞ்சுவது கண்ணாடிதான். அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பக் வைத்திருப்பவரை விட்டுவிட்டு, மற்ற நால்வரும் எங்கே நிற்கிறார்கள்னு பாருங்க. கோல் விழப்போகுதான்னு பத்து விநாடி முன்பே பல சமயம் தெரிஞ்சுடும்.