ஒற்றைப் பிடியில் நிற்கும் சட்டம்

செஞ்சிக் கோட்டையின் வெங்கடரமணர் கோயில் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால், தூண்களின் உச்சியில் கல் போதிகைகள் நீண்டு உத்திரத்தைத் தாங்குவது தெரியும். ஒரு முனை பிடிமானத்தில், மறுமுனை அந்தரத்தில். நம் வீட்டு ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடும் இந்த இனம்தான். பொறியாளர்கள் இதை கேன்டிலீவர் என்பார்கள்.

இதே அமைப்பை இன்று தலைமுடியைவிட மெல்லிய சிலிக்கானில் செய்கிறார்கள். மூலக்கூறுகள் மேலே ஒட்டினாலே அது லேசாக வளையும். அந்த வளைவை அளந்து ஒட்டியது என்னவென்று கண்டுபிடிக்கலாம். மும்பை ஐ.ஐ.டி.யில் இத்தகைய நுண்சட்டங்கள் பற்றிய ஆய்வு பல ஆண்டுகள் நடந்தது. அங்கே வளர்ந்த நானோஸ்னிஃப் நிறுவனத்தின் வெடிமருந்துத் தடயம் காணும் கருவி 2021 ஏப்ரலில் வெளிவந்தது.

சரி, எவ்வளவு அழுத்தினால் இந்தச் சட்டம் ஒடியும்?

நீளம் 100 மைக்ரான், அகலம் 20, தடிமன் 2 என்று வைத்துக்கொள்வோம். விசை நுனியில் விழுந்தாலும் ஆபத்து அங்கே இல்லை. சட்டம் பிடிமானத்தோடு சேரும் அடிப்பகுதியில், மேற்பரப்பில்தான் இழுவை உச்சத்துக்குப் போகிறது. விரிசலும் அங்கேதான் தொடங்கும். பொருள் தாங்கும் தகைவை (ஓரலகு பரப்பின் மீதான விசையை) அகலத்தாலும் தடிமனின் வர்க்கத்தாலும் பெருக்கி, நீளத்தின் ஆறு மடங்கால் வகுத்தால் விடை வந்துவிடும். சிலிக்கானுக்கு 1 கிகாபாஸ்கல் என்று எச்சரிக்கையாகவே கொண்டால், 133 மைக்ரோநியூட்டன். ஐந்தாறு கொசுக்களின் எடைதான்.

அற்பம் என்று தள்ளிவிட வேண்டாம். அந்தச் சட்டத்தின் சொந்த எடையைப் போல அது 14 லட்சம் மடங்குக்கும் மேல்! செஞ்சியின் கருங்கல் எதுவும் இப்படித் தாங்காது. சட்டத்தை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெருக்கினால் எடை ஆயிரம் மடங்காகும். தாங்கும் விசையோ நூறு மடங்குதான் கூடும். உருவம் சிறுக்கச் சிறுக்க வலிமை மேலோங்குவது இதனால்தான்.

சுவரிலிருந்து நீளும் உத்திரத்தை 1638இல் தன் நூலில் கணக்கிட்ட கலிலியோவுக்கும் இந்த அளவு விதி தெரிந்திருந்தது. ஆனால் குறுக்குவெட்டு முழுவதும் சமமாக இழுபடுகிறது என்று அவர் கொண்டதால், விடை இன்றைய சூத்திரத்தைப்போல மூன்று மடங்காக வந்தது.

சிலிக்கான் முன்னறிவிப்பு தராமல் ஒடியும் பொருள். தயாரிப்பில் தடிமன் பத்து சதவீதம் குறைந்தாலே தாங்கும் விசை 19 சதவீதம் சரிந்துவிடும். எனவே இந்தக் கணக்கைப் போட உட்காரும் மாணவர்களே, வரைபடத்தில் உள்ள தடிமனை நம்பாமல், செய்து முடித்த சட்டத்தின் தடிமனை முதலில் அளந்துகொள்ளுங்கள்.