அருளா, மயக்கமா? அறிந்து உதவுவோம்

தைப்பூசத் திருநாளில் பத்துமலையின் 272 படிகளிலும் பக்தர் வெள்ளம் நிறைந்திருக்கும். விரதத்தால் மெலிந்த உடலும், இரவெல்லாம் உறக்கமின்மையும், கடும் வெயிலும் ஒன்றுசேரும்போது எவரும் மயங்கி விழக்கூடும். அவ்வேளையில் "அருள் வந்திருக்கிறது" என்று கருதி ஒதுங்கி நிற்பது உயிருக்கே ஆபத்தாகலாம். அருள் வந்தவர் ஆடுவார். அசைவற்றுக் கிடப்பவருக்கு உடனடி உதவி தேவை.

முதலில் கூட்டத்தை விலக்கிக் காற்றுக்கு வழி செய்யுங்கள். தோள்களைத் தட்டி உரக்க அழையுங்கள். மறுமொழி இல்லையெனில் 999 எண்ணுக்கு (சிங்கப்பூரில் 995) உடனே தகவல் தரச் செய்யுங்கள்.

பின்னர் தலையைச் சற்றே பின்சாய்த்து, முகவாயை உயர்த்தி, மார்பு ஏறி இறங்குகிறதா எனப் பாருங்கள். இதற்குப் 10 வினாடிகளுக்கு மேல் செலவிடலாகாது. விட்டு விட்டுத் திணறுவது சுவாசம் ஆகாது.

சீராகச் சுவாசிப்பவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சுவாசம் இல்லாதவரின் நடு மார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வரை அழுத்தமாக அமுக்குங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். நினைவற்றவர் வாயில் நீரோ தீர்த்தமோ ஊற்றவே கூடாது. வலிப்பு கண்டவர் கையில் இரும்பைத் திணிப்பதால் பயனில்லை.

நினைவோடிருப்பவரிடம் நெஞ்சுவலி உண்டா, நீரிழிவு உண்டா, கடைசியாக எப்போது உண்டார் என வினவி, மருத்துவ ஊழியரிடம் தெரிவியுங்கள்.

தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் அன்பர்கள், பந்தலுக்கு ஒருவரையேனும் முதலுதவி பயிலச் செய்தால், அதுவும் அடியார்க்கு ஆற்றும் அருந்தொண்டாகும்.