மூட்டை தூக்க முதுகலைப் பட்டமா?

"மூட்டை தூக்குறதுக்கு எம்.பி.ஏ. படிக்கணுமா தம்பி?"

கேட்டவர் பெரியவர். வயது எழுபதைத் தொட்டுவிட்டது. சென்னைத் துறைமுகத்திலே முப்பதாண்டுக் காலம் கொக்கி பிடித்த கை. குவிண்டால் மூட்டை அழுத்தி அழுத்தி ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட தோள். இராயபுரத்துத் தேநீர்க் கடை வாசலிலே நம்மை மடக்கி நிறுத்திக் கேட்டார்.

அவருடைய பேரன் பட்டப்படிப்பை முடித்துவிட்டானாம். அடுத்து, 'லாஜிஸ்டிக்ஸ், சப்ளை செயின் மேனேஜ்மெண்ட்' என்று வாய் நிறையப் பெயர் சொல்லி, அதிலே முதுகலை படிக்கப் போகிறேன் என்கிறானாம். "என்னடா அது?" என்றாராம் பாட்டன். "சரக்கை ஓரிடத்திலேருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போற படிப்பு தாத்தா" என்றானாம் பேரன்.

"அதைத்தானேடா நான் முப்பது வருசமாச் செஞ்சேன்! எனக்கு எவன் பட்டம் கொடுத்தான்?"

கடையே சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பும் வழியிலே சிரிப்பு நின்றுவிட்டது. பெரியவர் கேட்டது வேடிக்கைக் கேள்வியன்று. விடை சொல்லியாக வேண்டிய கேள்வி. நாமோ பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர்கள்; கல்லூரி வாயிலை மேடையிலே பேசுவதற்காக மட்டும் மிதித்தவர்கள். எனவே படித்தோம், படித்தவர்களைக் கேட்டோம். அறிந்ததைத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

தேநீர்க் கடைக்காரர் சர்க்கரை வாங்குகிறார். நாளுக்கு ஒரு கிலோ வாங்கினால் நாள்தோறும் அலைச்சல், நாள்தோறும் வண்டிச்சத்தம். ஆறு மாதச் சர்க்கரையை ஒரே மூச்சில் வாங்கினால் முதல் முடங்குகிறது, எறும்பு மொய்க்கிறது, ஈரம் கசிகிறது. எவ்வளவு வாங்கினால் இரண்டு நட்டமும் சேர்ந்து குறையும்? 1913-ஆம் ஆண்டு ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு வாய்பாடு சொன்னார். வர்க்கமூலக் கணக்கு. விற்பனை நான்கு மடங்கானால், ஒரு தடவை வாங்கும் அளவு நான்கு மடங்காக வேண்டியதில்லை. இரண்டு மடங்கு போதும் என்கிறது அது. உலகமெங்கும் இந்தப் படிப்பிலே சேருகிற மாணவன் தொடக்கத்திலேயே இந்தக் கணக்கைச் சந்திக்கிறான். அந்த ஹாரிஸ் எந்தப் பல்கலைக் கழகத்திலே படித்தவர் தெரியுமா? உயர்நிலைப் பள்ளியோடு நின்றவர்! வேலைத்தளத்திலே கற்றவர்!

அறிவு களத்திலே பிறந்தது; பட்டம்தான் கல்லூரியிலே பிறக்கிறது. 'சப்ளை செயின் மேனேஜ்மெண்ட்' என்ற பெயரே 1982-இல்தான் கீத் ஆலிவர் என்ற ஆலோசகர் வாயிலாக உலவத் தொடங்கியது. பெயர் பிறக்கும் முன்பே வேலை இருந்தது. வேலை செய்தவன் முதுகு வளைந்தும் இருந்தது!

அப்படியானால் பட்டம் வீண்தானா? அவசரப்பட வேண்டாம் தோழர்களே! இந்தப் படிப்பிலே ஓர் ஆட்டம் உண்டு. அதைக் கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள்.

அமெரிக்காவிலே எம்.ஐ.டி. என்ற கல்விக்கூடத்தில் 1960-ஆம் ஆண்டு வாக்கில் உருவான ஆட்டம். பெயர் 'பீர் கேம்'. பதற வேண்டாம், அங்கே காகிதத்திலேதான் பீர், கோப்பையிலே அல்ல! நான்கு பேர் அமர்கிறார்கள். ஒருவர் சில்லறைக் கடைக்காரர், ஒருவர் மொத்த வியாபாரி, ஒருவர் விநியோகஸ்தர், ஒருவர் தொழிற்சாலை. பேசக்கூடாது. சரக்குக் கேட்டுச் சீட்டு அனுப்பலாம், அவ்வளவே. அனுப்பிய சீட்டுக்குச் சரக்கு வந்துசேரச் சில வாரம் ஆகும்.

முதல் நான்கு வாரம் மக்கள் வாரத்துக்கு 4 பெட்டி வாங்குகிறார்கள். ஐந்தாம் வாரம் 8 பெட்டி. அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை அதே 8 பெட்டிதான். மாற்றம் ஒரே ஒரு முறை! ஆனால் நடப்பதென்ன? கடைக்காரர் சரக்கு தீர்ந்ததே என்று பதறிக் கூடுதலாகக் கேட்கிறார். சரக்கு வரத் தாமதம், மறுபடியும் கேட்கிறார். மொத்த வியாபாரி அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார். விநியோகஸ்தர் அதற்கும் மேலே. தொழிற்சாலை இரவு பகலாகப் பொங்குகிறது. பொங்கிய சரக்கெல்லாம் வந்து குவிந்ததும் எல்லோரும் கையை விரிக்கிறார்கள், கேட்பது பூச்சியமாகிறது! ஆட்டம் முடிந்ததும், "மக்கள் எப்படி வாங்கியிருப்பார்கள்?" என்று தொழிற்சாலைக்காரரைக் கேட்டால், கடலலைபோல ஏற்றமும் இறக்கமும் வரைந்து காட்டுகிறார். மக்களோ அமைதியாக 8 பெட்டிதான் வாங்கினார்கள்.

இதைச் சவுக்கு விளைவு என்கிறார்கள். 1997-இல் ஹௌ லீ முதலிய ஆராய்ச்சியாளர்கள் இதன் காரணங்களை வரிசைப்படுத்தி விளக்கினார்கள். சவுக்கின் பிடியிலே சிறு அசைவு, நுனியிலே பேரடி!

அந்த நுனியிலே நிற்பவன் யார்? இதுதான் நாம் கேட்கும் கேள்வி. ஒரு மாதம் "ஓவர்டைம் பார், தீபாவளிக்கும் லீவு இல்லை" என்கிறார்கள். அடுத்த மாதம் "சரக்கு தேங்கிவிட்டது, நாளை முதல் வராதே" என்கிறார்கள். தொழிலாளி தன் விதியை நோகிறான். மேஸ்திரி தொழிலாளியை நோகிறான். விதியுமல்ல, சோம்பலுமல்ல! சங்கிலியின் ஒரு கண்ணியிலே இருப்பவனுக்கு அடுத்த கண்ணி தெரியவில்லை. அந்தக் குருட்டுத்தனத்துக்குக் கூலி கொடுத்தவன் தொழிலாளி. முழுச் சங்கிலியையும் பார்க்கிறவன் ஆளுகிறான். ஒற்றைக் கண்ணியை மட்டும் பார்க்கிறவன் அடிபடுகிறான். இந்தப் படிப்பின் சாரம் இதுதான்.

சரித்திரமும் அதையே சொல்லுகிறது. 1956 ஏப்ரல் 26. அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளோடு ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அனுப்பியவர் மால்கம் மெக்லீன், லாரி ஓட்டி வாழ்க்கையைத் தொடங்கியவர். கையால் ஏற்றினால் டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட். பெட்டியிலே ஏற்றினால் 16 சென்ட்டுக்கும் குறைவு! அன்றைக்கே எழுதியாயிற்று, உலகத் துறைமுகங்களின் தலையெழுத்து. லண்டனில் நூறாயிரம் கால்கள் நடந்த பழைய சரக்குத் துறைகள் 1967 முதல் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 1981-க்குள் ஓய்ந்தன. நம் சென்னைத் துறைமுகத்திலும் 1983-இல் கண்டெய்னர் முனையம் வந்தது. நம் பெரியவரின் கொக்கி துருப்பிடிக்கத் தொடங்கியதும் அதற்குப் பின்னால்தான்.

ஆனால் இன்னொரு காட்சியும் உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம், ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலே, இயந்திரம் வருமுன்பே கணக்குப் போட்டது. தடுத்து நிறுத்த முடியாது என்று தெரிந்துகொண்டது. எவ்வளவு மிச்சமாகும் என்றும் தெரிந்துகொண்டது. 1960-இல் முதலாளிகளோடு ஒப்பந்தம் செய்தது: இயந்திரம் வரட்டும், மிச்சத்திலே எங்கள் பங்கு வேண்டும், வேலைக்கு உத்தரவாதம் வேண்டும், ஓய்வு பெறுவோருக்குத் தொகை வேண்டும் என்று. பெற்றது! எல்லாக் கவலையும் தீர்ந்துவிடவில்லை. என்றாலும் வெறுங்கையோடு வெளியேறவில்லை. கணக்கு தெரிந்த சங்கம் பேரம் பேசியது. தெரியாதவன் தலையிலே கணக்கு வந்து விழுந்தது.

ஆகவேதான் சொல்லுகிறோம்: உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் இந்தப் படிப்புக்குப் போகத்தான் வேண்டும். சென்னையிலேயே, 2008-இல் அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக் கழகத்தின் தலைமையகம் இருக்கிறது. துறைமுகம், சரக்குப் போக்குவரத்துத் துறைகளில் எம்.பி.ஏ. நடத்துகிறது. எம்.ஐ.டி. 2015-இல் ஒரு திட்டம் அறிவித்தது: பாடங்களை இணையத்தின் வழியே எவரும் படிக்கலாம், தேறியவர்களிலே தேர்வு பெறுவோர் வளாகத்திலே ஒரு பருவம் படித்து முதுகலைப் பட்டமே பெறலாம் என்று. பூட்டிய கதவு சிறிதளவேனும் திறந்திருக்கிறது!

திறந்த கதவெல்லாம் நல்ல வீட்டுக் கதவா? அதுவும் இல்லை. பெயர்ப்பலகை மாட்டிப் பணம் பறிக்கும் கூடங்களும் உண்டு. பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: கணக்கு, களம், கடன்.

கணக்கு: புள்ளியியல் உண்டா, கிடங்கிருப்புக் கணக்கு உண்டா, பாதை வகுக்கும் கணிதம் உண்டா? இல்லாமல் படம் காட்டிப் பேசிவிட்டு அனுப்பினால் அது பட்டமன்று, காகிதம். களம்: துறைமுகத்திலோ கிடங்கிலோ லாரி நிலையத்திலோ மாதக்கணக்கில் பயிற்சி உண்டா? கொதிக்கும் கூரைக்குக் கீழே ஒரு நாளேனும் நிற்காதவனுக்குக் கிடங்கின் கணக்கு கைவராது. கடன்: சென்ற ஆண்டு படித்து முடித்தவர் எங்கே, என்ன சம்பளத்திலே இருக்கிறார்? அந்தச் சம்பளத்திலே கல்விக் கடன் எத்தனை ஆண்டிலே தீரும்? விளம்பரத்தைக் கேட்காதீர்கள், படித்து வெளியே வந்த பிள்ளையையே தேடிப்பிடித்துக் கேளுங்கள்.

இன்னொன்று. பாடப் புத்தகத்திலே தொழிலாளி 'கையாளும் செலவு' என்ற ஒரு வரியாக இருக்கிறான். குறைக்க வேண்டிய வரி! 1967-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஓர் ஆண் கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரை செய்தது. அதற்குப் பிறகும் குவிண்டாலைச் சுமந்தவர் நம் பெரியவர். அந்த வரிக்குப் பின்னால் ஒரு தோள் இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? அந்தத் தோளிலே ஏறி விளையாடிய பேரனுக்குத் தெரியும்! அவன் நாளைக்கு அந்த மேசையிலே உட்கார வேண்டும் என்பது அதற்காகவும்தான்.

மறுவாரம் பெரியவரைத் தேடிப் போனோம். இவ்வளவையும் சொன்னோம். பீர் ஆட்டத்தைக் கேட்டுச் சிரித்தார். லண்டனைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார். தேநீரை ஆற்றிக்கொண்டே சற்று யோசித்தார்.

"அப்போ படிக்கட்டும் தம்பி. ஆனா ஒண்ணு. பெரிய ஆபீசரா ஆனப்புறமும், ஆளுக்கு இத்தனை மூட்டைன்னு எழுதறதுக்கு முன்னாடி, என் தோளை ஒரு தரம் நெனைச்சுப் பாக்கச் சொல்லு."

அந்தப் பாடம் எந்தப் பல்கலைக் கழகத்திலும் இல்லை. வீட்டிலே இருக்கிறது. பேரன்களே, பேத்திகளே, படியுங்கள்! தாத்தாவின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்ப் படியுங்கள்!