பல் இம்பிளாண்டுக்கு முன் ஒரு வேளை மருந்து ஏன்?

பல் இம்பிளாண்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கப்படும் டைட்டானியத் திருகு. துளையிடும்போது வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சில உள்ளே போய்விடும். உயிருள்ள திசுவில் வெள்ளணுக்கள் அவற்றை அழிக்கும்; ரத்த ஓட்டமில்லாத உலோகப் பரப்பிலோ அவை படலமாக ஒட்டிக்கொள்ளும். படலத்துக்குள் மருந்து எளிதில் எட்டாது. திருகோடு எலும்பு இணைவதும் தடைபடும்.

ஆகவே, வெட்டும் நேரத்திலேயே ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்பு 2 கிராம் அமாக்சிசிலின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தைக் கொடுப்பது இதற்காகத்தான். 2013இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 1,162 பேரிடம் நடந்த 6 சோதனைகளை அலசியது. 25 பேருக்கு மருந்து கொடுத்தால் ஒருவருக்கு இம்பிளாண்ட் தோல்வி தவிர்க்கப்படும் என்று அது கணித்தது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த மருந்து ஆகாது.

இம்பிளாண்ட் பதித்த பிறகும் ஐந்து நாள், ஏழு நாள் மாத்திரை எழுதும் வழக்கம் உண்டு. தாண்டிக்குடியிலிருந்து வத்தலகுண்டுக்கு மலையிறங்கி வருபவர் மறுநாளே திரும்ப வருவது கடினம் என்ற அக்கறை நியாயமானதே. ஆனால், ஆரோக்கியமானவருக்கு அது கூடுதல் பலன் தரும் என்பதற்கு வலுவான சான்றில்லை. வயிற்றுப்போக்கு வரலாம், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகலாம். கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதைத் தடுக்க இந்திய மருத்துவ அமைப்புகள் 2012இல் வகுத்த சென்னைப் பிரகடனம் எச்சரித்ததும் இத்தகைய கிருமிகளைப் பற்றியே. தொலைவில் வசிப்பவருக்கு மாத்திரைப் பட்டையைவிட, வீக்கமோ சீழோ காய்ச்சலோ கண்டால் உடனே அழைக்க மருத்துவரின் தொலைபேசி எண் பயன்படும்.