பில் இல்லாத பிளாஷ் வேண்டாம்

கேனான் 200டி மார்க் 2 கேமரா 2019-ல் வந்தது. அதன் தலையில், பிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் நடுவே, மற்ற கேமராக்களில் வட்டமாக இருக்கும் உலோகப் புள்ளி கிடையாது. விலை குறைந்த மேனுவல் பிளாஷுக்கு ‘எரி’ என்ற கட்டளை அந்தப் புள்ளி வழியாகத்தான் போகும். அதனால் அத்தகைய பிளாஷ் இந்தக் கேமராவில் கச்சிதமாக மாட்டும், எரியாது. எல்லாக் கேமராவுக்கும் பொருந்தும் என்ற பேச்சை நம்பி வாங்கிவிட்டு, ஒப்புக்கொண்ட வளைகாப்பு வீட்டில் கையைப் பிசைந்து நிற்பவர்கள் பெரும்பாலும் தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள்.

பிளாஷ் வாங்கக் கடைக்குப் போகும்போது கேமராவைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் பிளாஷை மாட்டி, கேமராவே ஒளியை அளந்து சரிசெய்யும் டிடிஎல் முறையில் நான்கு படம், முழு சக்தியில் நான்கு படம், தலையை மேலே திருப்பிக் கூரையில் பட்டுத் திரும்பும் ஒளியில் நான்கு படம் எடுத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஜிஎன், அதாவது கைடு நம்பர், பலரை மயக்குகிறது. அதை அப்பர்ச்சர் எண்ணால் வகுத்தால் ஒளி எட்டும் தூரம் வரும். ஐஎஸ்ஓ 100-ல் ஜிஎன் 60, எஃப் 4 என்றால் 15 மீட்டர். ஆனால் கேனான் 600இஎக்ஸ்-ஆர்டி பிளாஷின் அந்த 60, தலையை 200 மி.மீ. வரை ஜூம் செய்து ஒளியைக் குறுக்கும்போது கிடைப்பது. மண்டபத்தில் குடும்பமாக நிற்பவர்களை எடுக்கும் 35 மி.மீ.-ல் அதுவே 36தான். நிக்கான் எஸ்பி-700-க்குச் சொல்லப்படும் 28, அந்த 35 மி.மீ.-க்கான கணக்கு. எத்தனை மி.மீ.-க்கு என்று கேட்காமல் இரண்டு எண்களை ஒப்பிடாதீர்கள். தரத்தையும் திறனையும் உள்ளபடி தெரிந்துகொள்வது சட்டம் தந்த உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

பழைய பிளாஷ் மலிவாகக் கிடைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஃபிலிம் காலத்து விவிட்டார் 283-ன் முற்காலப் பதிப்புகளில் ஹாட் ஷூ வழியே 200 வோல்ட்டுக்கு மேல் வரும். சில டிஜிட்டல் கேமராக்களின் சர்க்யூட் அதைத் தாங்காது. மெக்கானிக்கிடம் மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். பழுதான பிளாஷை வீட்டில் திறக்கவே திறக்காதீர்கள்: பேட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளேயுள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். எந்தப் பிளாஷையும் முழு சக்தியில் தோலை ஒட்டி அடித்தால் சுடும். வெளியூர் வேலைக்கு விமானத்தில் போகிறவர்கள், உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

இனி பில். ‘பில் வேண்டாமென்றால் விலை குறையும்’ என்பார்கள். அந்தச் சில நூறு ரூபாய்க்காக வாரண்டியை விட்டுவிடாதீர்கள். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற முத்திரை, குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. இணையத்தில் வாங்கியிருந்தால், அந்த நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

எரியாத பிளாஷை வீடியோ எடுத்து வையுங்கள். கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமலும் புகார் தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.