சாம்புவும் வந்தியத்தேவனும்

நகைச்சுவைக்கும் வீரச்சுவைக்கும் வெகுதூரம் என்று எண்ணுவோர் உண்டு. மன்னார்க் கரையில் வாழ்ந்து, கடல் கடந்து வந்த கலைகளைக் கண்டு களித்த எனக்கு அவ்வெண்ணம் இல்லை. நான் பெரிதும் விரும்பிய தொலைக்காட்சி நாடகம் ‘துப்பறியும் சாம்பு’. பெரிதும் விரும்பிய சரித்திரப் படம் ‘பொன்னியின் செல்வன்’. இவ்விரண்டும் நெருங்கிய உறவுடையவை என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

மூலக் கதைகளின் ஆசிரியர்களைப் பாருங்கள். சாம்புவைப் படைத்த தேவன், கல்கி விலகிய பின்னர் ஆனந்த விகடனை நடத்தியவர். கல்கியோ தம் பெயர் தாங்கிய இதழில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனை எழுதினார். வாரந்தோறும் வாசகரைக் காத்திருக்கச் செய்யும் வித்தை இருவருக்கும் கைவந்திருந்தது.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்பு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போர்ச் சூழலால் நின்றது. ஆயினும் வானலைக்குக் கடவுச்சீட்டு ஏது? உயர்ந்த கம்பத்தில் அன்டெனாவைக் கட்டி, மேற்கே திருப்பித் தூரதர்ஷனைப் பார்த்தோம். காற்றடித்தால் படம் கலையும். ஒருவர் கம்பத்தைத் திருப்ப, “இப்ப தெரியுதோ?” என்ற குரலுக்கு வீட்டினுள்ளிருந்து மற்றொருவர் மறுமொழி கூறுவார். 1995இல் இராமேஸ்வரத்தில் 323 மீற்றர் உயரக் கோபுரம் எழுந்தது.

காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாகத் தோன்றினார். வங்கிக் குமாஸ்தாவான சாம்புவை உலகம் அசடு என்றே கருதியது. அவன் திருடனைத் தேடிப் புறப்படுவான், தடுக்கி விழுவான், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான்! இன்ஸ்பெக்டர் கோபாலன் அவனது மதிநுட்பத்தை மெச்ச, சாம்பு திருதிருவென விழிப்பான். நம்மைச் சிரிக்கவைக்க வேண்டுமென்ற முயற்சி ராமமூர்த்தியின் முகத்தில் அணுவளவும் தோன்றாது. நடிப்பின் உயர்வு அதுவன்றோ?

அச்சிரிப்பு எங்களுக்கு வெறும் பொழுதுபோக்கன்று. ஊரடங்கும் சோதனைச் சாவடியும் நிறைந்த காலம். திட்டமிட்டு நடந்தவர் அகப்பட்டதையும், வழி தவறியவர் தப்பியதையும் கண்ணாரக் கண்டோம். தடுக்கி விழுந்து பிழைக்கும் சாம்பு எங்கள் ஊரவனாகவே தோன்றினான்.

மணிரத்னத்தின் பொன்னியின் செல்வன் 2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வந்தது. கார்த்தி நடித்த வந்தியத்தேவனைக் கண்டதும் எனக்குச் சாம்புவின் நினைவு வந்தது. ஓலை கொண்டு செல்லும் அவ்வீரன் போகுமிடமெல்லாம் வம்பில் மாட்டுகிறான். வாய்ச் சாதுரியத்தாலும் நல்லூழாலும் தப்புகிறான். சாம்புவுக்குத் தன் அதிர்ஷ்டம் தெரியாது. வந்தியத்தேவனோ அதை நம்பியே குதிரை ஏறுகிறான். ஜெயராமின் ஆழ்வார்க்கடியான் அவனுடன் சேரும்போது, வாளும் கேடயமும் நிறைந்த கதையில் நகைச்சுவை தானே பொங்குகிறது.

ஆனால் என் நெஞ்சை அள்ளிய காட்சி வேறு. புத்த பிக்குகள் இலங்கையின் முடியை அளிக்க முன்வருகின்றனர். அருள்மொழி அதை மறுக்கிறான். சரித்திரம் இத்துணை இனிமையானதன்று என்பதை நான் அறிவேன். பின்னர் இராஜராஜனான அவனது படை அனுராதபுரத்தை அழித்தது. பொலன்னறுவை சோழரின் தலைநகராயிற்று. எங்கள் மாதோட்டமும் ‘இராசராசபுரம்’ என்ற பெயர் பெற்றது. அங்கே தாழி குமரன் என்பவன் சிவன் கோயில் எடுப்பித்ததைக் கல்வெட்டுக் கூறுகிறது. சோழர் பெருமையில் பூரிக்கும் தமிழன், அப்பெருமை பக்கத்து ஊரில் எரித்ததையும் மறக்கலாகாது. இரு இனத்தாரும் போரால் நைந்த இத்தீவில், முடியை மறுக்கும் அரசகுமாரனைக் கற்பனையிலேனும் காண்பது நலம். வென்றவனைக் காட்டும் படங்கள் பல. வேண்டாமென்றவனைக் காட்டுபவை சில.

அசடனைப் பார்த்துச் சிரிக்கவும், ஆசையை வென்றவனை வணங்கவும் தெரிந்த மக்களைக் கொடுங்கோலர் எளிதில் ஏய்க்க முடியாது. சாம்புவையும் வந்தியத்தேவனையும் இன்னும் காணாத இளைஞர்கள் அவர்களைத் தேடிக் காண்பாராக!